கோடு போடாத கையெழுத்து

என் மகனுக்கு,

நேற்று மத்தியானம் உன் கவர் வந்து சேர்ந்தது. பிரித்ததும் முதலில் மடியில் விழுந்தது உன் கடிதம் இல்லை, அந்த மஞ்சள் நோட்டீஸ்தான். "ஏழைகளுக்கு இல்லை என்று சொல்லாத டாக்டரின் மகன்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் படத்தையும் உன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த காபியை வேட்டியெல்லாம் கொட்டிக்கொண்டேன். பெருமையில் கொட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஒரு வரியைத்தான் இத்தனை வருஷமாக யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். அதை நீ அச்சடித்தே அனுப்பிவிட்டாய். கட்சியில் நிற்கச் சொன்னார்கள், ஒத்துக்கொண்டுவிட்டேன், உங்கள் ஆசீர்வாதம் போதும் என்று எழுதியிருக்கிறாய். ஆசீர்வாதம் கிடக்கட்டும். நாமினேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதல்லவா, அதற்குள் இதை முழுவதும் படித்துவிடு. பாதியில் எழுந்து போகிற புத்தி உனக்கு உண்டு, அது என்னிடமிருந்து வந்ததுதான். படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, உன் கட்சிக்காரர்களைக் கூட்டி வைத்துச் சத்தமாகப் படித்தாலும் சரி. ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது.

காட்டூரில் டிஸ்பென்சரி போட்டபோது என் சொத்து, பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்ற மூன்று எழுத்தும் ஒரு பழைய சைக்கிளும்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு இங்கிலீஷ் டாக்டர் கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான வியாதி இருக்கும். மீதிப் பேருக்கு மாமியார், தாயாதிச் சண்டை, மழை இல்லாதது, இப்படி ஏதாவது மனக்கஷ்டம். இவர்களிடம் உனக்கு ஒன்றும் இல்லை, மருந்து வேண்டாம், போய் வா என்று சொன்னால் முகம் தொங்கிப் போய்விடும். "என்னாங்க டாக்டரு, அஞ்சு மைலு நடந்து வந்திருக்கேன், வெறுங்கையோட போவச் சொல்றீங்களே" என்பார்கள். எனக்கோ யாரிடமும் இல்லை என்று சொல்ல நாக்கு வராது. அது நல்ல குணம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன், பார். அதனால் கம்பவுண்டர் கோவிந்தனும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மருந்துச் சீட்டில் என் கையெழுத்துக்குக் கீழே கோடு இருந்தால், எழுதிய மருந்தை அப்படியே கலக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால், நான் என்ன எழுதியிருந்தாலும் சிவப்புச் சாயமும் சர்க்கரையும் கலந்த வெறும் தண்ணீர். அதையும் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டி, மரியாதையாகக் கையில் கொடுப்பான் கோவிந்தன். வேடிக்கை என்னவென்றால் குடித்தவர்களுக்கு உடம்பு தேறிவிடும். "உங்க கைராசிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. பரீட்சைக்கு முன்னால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? நீ மூன்று நாள் முகத்தைச் சுளித்துக் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அதனால்தான் அதன் ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில் என்னை நிற்கச் சொன்னார்கள். எனக்கு அரசியல் என்ன தெரியும்? எந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று தெரியும், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. எனக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவன் மாணிக்கம். காட்டூருக்குக் கிழக்கே குத்தகை நிலத்தில் உழுதுகொண்டிருந்தான். அவன் டைபாய்டில் கிடந்தபோது ஜுரம் விடுகிற வரைக்கும் தினம் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு நன்றிக்காக வேகாத வெயிலில் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினான். நான் ஜெயித்ததும் என்னைவிட அதிகம் ஆடினவன் அவன். எம்.எல்.ஏ. ஆனதும் நாம் ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றினோம். வருகிற பெரிய மனிதர்களை உட்கார வைக்கக் காட்டூர் வீட்டில் இடம் போதாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. டிஸ்பென்சரியை மட்டும் விடவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் போய் உட்காருவேன்.

எம்.எல்.ஏ. என்றால் சென்னையில் போய்ப் பேசுகிறவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது லெட்டர் எழுதுகிற உத்தியோகம். விடிந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். பையனுக்கு ஸ்கூலில் இடம் வேண்டும், வாத்தியாருக்கு மாற்றல் வேண்டும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும். யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் எல்லோருக்கும் எழுதினேன். டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், தப்பு அவர்களுடையது இல்லை. அங்கே இருந்த ஹெட்கிளார்க் ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க லெட்டரைக் கட்டுக் கட்டாத் தூக்கிட்டு வராங்க. எல்லாத்துலயும் 'மிக அவசரம்'னு எழுதியிருக்கீங்க. எது நெசமான அவசரம்னு நாங்க எப்படிங்க கண்டுபுடிக்கிறது?" என்றார். ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சொன்னேன்: "கையெழுத்துக்குக் கீழ கோடு இருந்தா உடனே படுக்கை குடுத்துப் பாருங்க. இல்லாட்டி உங்க சௌகரியம்." அவருக்கும் பரம திருப்தி. கேட்டவனுக்கு லெட்டர் கிடைத்தது, எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. சர்க்கரைத் தண்ணீரைக் காகிதத்தில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இனி சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஒருநாள் காலை டிஸ்பென்சரியில் இருந்தேன். மாணிக்கம் மாட்டுவண்டியில் அவன் பெண்சாதி அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தான். எட்டாம் மாசம். முகம் உப்பி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தது. "தலை பொளக்குதுங்க. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்றாள். ரத்த அழுத்தம் பார்த்தேன். ஏகத்துக்கு ஏறியிருந்தது. நீயும் டாக்டர், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம், வந்தால் இரண்டு உயிரும் போகும். "மாணிக்கம், இங்க நிக்காதே. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. லெட்டர் தரேன்" என்றேன். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் மந்திரி வருகிற கூட்டம். வாசலில் கட்சி ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. "டாக்டர், மந்திரி முக்கொம்புல டிபன் முடிச்சுட்டுக் கிளம்பிட்டாராம். நாம முன்னாடி போய் நிக்கலைன்னா அசிங்கமாப் போயிடுங்க" என்று கட்சிக்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்து இழுக்கிறார். வேறு நாலைந்து பேர் லெட்டருக்காக என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எல்லோருக்கும் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அஞ்சலைக்கும் சேர்த்து. அவளுக்கு எழுதியதை மாணிக்கத்தின் கையில் திணித்து, "ஓடு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அந்த ஜீப் டவுன் வழியாகத்தானே போயாக வேண்டும்? பின் சீட்டில் இடமும் இருந்தது. அங்கே பூமாலைக் கூடையை வைத்திருந்தார்கள். அதைக் கீழே இறக்குங்கள் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையப்பா.

மூன்றாம் நாள் காலை மாணிக்கம் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் தாண்டி வராமல் அங்கேயே நின்றான். "அஞ்சலை போயிருச்சுங்க. வயித்துல இருந்ததும் போயிருச்சு" என்றான். எப்போது என்று கேட்டேன். "அன்னைக்கேதாங்க. பொழுது சாயுற நேரம். வராந்தாவுல உக்காந்திருக்கையிலேயே வலிப்பு வந்துச்சு. அப்புறந்தான் உள்ள தூக்கிட்டுப் போனாங்க" என்றான். வராந்தாவிலா! என் லெட்டர் கையில் இருக்கும்போது இவளை ஏன் வராந்தாவில் உட்கார வைத்தார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. யாரை என்ன கேட்கிறேன் பார் என்று கத்த வாயெடுத்தேன். அவன் மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றான். பிரித்துப் பார்த்தேன். என் எழுத்து, என் கையெழுத்து. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நூறு லெட்டர் எழுதினால் இரண்டுக்கோ மூன்றுக்கோதான் கோடு போடுவேன். போடாமல் இருப்பதுதான் என் கைக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அந்த அவசரத்தில் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. இன்னொன்றும் அப்போதே புரிந்துவிட்டது, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. லெட்டர் இல்லாமல் போயிருந்தால் மாணிக்கம் சும்மா இருந்திருப்பானா? அவன் தொண்டை எனக்குத் தெரியாதா? கூச்சல் போட்டு ஆஸ்பத்திரியையே இரண்டாக்கியிருப்பான், யாராவது ஒரு டாக்டர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்திருப்பார், பார்த்திருந்தால் அஞ்சலையின் முகத்தைக் கண்டதும் உள்ளே கொண்டு போயிருப்பார். என் லெட்டரை நம்பி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். ஒன்றுமே கொடுக்காமல் விரட்டியிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். சரி, அவனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதிப்பா. நம்ம கையில என்ன இருக்கு" என்று சொன்னேன். கையில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். அவன் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் நேரே சமையல்கட்டுக்குப் போய் அதை அடுப்பில் போட்டேன். "என்ன காயிதங்க அது?" என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் போய்ச் சேருகிற வரைக்கும் அவளுக்கு அது ஒன்றுமில்லைதான்.

அதோடு அந்த ஏற்பாட்டை விட்டிருப்பேன் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹெட்கிளார்க்குக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல், "கோடு இல்லீங்களே சார். நீங்கதானே அப்படிச் சொன்னீங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். மறுநாள் விடிந்தது, வாசலில் கூட்டம் நின்றது, நான் மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோடு வேண்டிய லெட்டரை இரண்டு தடவை சரிபார்த்தேன், அவ்வளவுதான் நான் திருந்தியது. அடுத்த தேர்தலிலும் அதே கையோடு ஜெயித்தேன். மாணிக்கம் அப்போதும் கொடி பிடித்தான். நடுவில் நீ காலேஜில் சேர்ந்தபோது ஹாஸ்டலில் நல்ல அறை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்காக ஒரு லெட்டர் எழுதினேன். அதில் கோடு போட மறக்கவில்லை. அந்த ஆபீசுக்கு என் கோட்டின் அர்த்தம் தெரியவே தெரியாது, ஆனாலும் இரண்டு கோடு போட்டேன். ஜன்னலோரத்து அறை கிடைத்தது என்று நீ சந்தோஷமாகப் பதில் எழுதினாய். எனக்கு அஞ்சலையின் வீங்கின கால் கண் முன்னால் வந்து நின்றது. மூன்றாவது தடவை தோற்றேன். எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் மட்டும் வீட்டைக் காலி செய்துகொண்டு நிம்மதியாகக் காட்டூருக்குத் திரும்பினேன்.

நேற்று உன் நோட்டீஸைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை எழுந்ததும் மாணிக்கத்தின் ஊருக்கு நடந்தே போனேன். இனிமேல் அவரை அவன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, காரணம் மேலே படித்தால் உனக்கே தெரியும். தலை நரைத்துவிட்டது, இடுப்புக் கொஞ்சம் கூனிவிட்டது. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, மூச்சு விடாமல், கோட்டுக் கதையை முழுவதும் சொல்லி முடித்தேன். அடிப்பார், திட்டுவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியுங்க" என்றார்.

"என்ன தெரியும்?" என்றேன்.

"கோடு இல்லேன்னு தெரியுங்க. அந்த கிளார்க்கு அன்னைக்கே சொல்லிட்டாரு. 'ஒங்க டாக்டரு கோடு போடல, வரிசையில போய் உக்காரு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அங்க வேலை செய்யுற ஒருத்தருதான் வெவரம் சொன்னாரு. சரி, அவசரத்துல மறந்திருப்பாரு, போய்ப் போட்டு வாங்கியாந்துடலாம்னு பஸ் புடிச்சு ஸ்ரீரங்கம் வந்தேங்க."

அடக் கடவுளே! "வந்தியா? எங்க வந்தே?"

"மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துல மேடை போட்டிருந்தாங்கள்ல, அங்கதான். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. போலீசுக்காரங்க கிட்ட விடல. கூட்டத்துல நின்னுக்கிட்டு லெட்டரத் தூக்கித் தூக்கி ஆட்டுனேன். நீங்க பாத்தீங்க."

"நான் பார்த்தேனா?"

"பாத்தீங்களே. பாத்துட்டு, சிரிச்சு, எனக்கு ஒரு கும்புடு போட்டீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. அன்று எத்தனையோ பேருக்குக் கும்பிடு போட்டிருப்பேன். அவர் சாவதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மூன்றாம் நாள் அந்த லெட்டரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்ததுகூட, நான் பார்க்க வேண்டும் என்றுதானாம். "பாத்தா நீங்களா ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு நின்னேங்க. விதின்னீங்க. சரின்னு வந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகும் எனக்குக் கொடி பிடித்தாயே, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். அவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். "வேற யாருகிட்டங்க போறது? மத்தவங்க வாசலுக்குள்ளயே விட மாட்டாங்க. கோடு இல்லாட்டியும் லெட்டரு குடுக்குற ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றார். மகனே, இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை அவர். மனசாரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதியை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத எனக்குத் தெம்பு இருக்காது. ஜெயித்தால், உன்னால் ஆகாததை ஆகாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். கோபம் இருக்கிறவன் வேறு கதவைத் தட்டுவான். ஆகும் என்று காகிதம் வாங்கிக்கொண்டவன் உட்கார்ந்துவிடுவான். தேர்தலில் நில் என்றும் நான் சொல்லவில்லை, நிற்காதே என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்த நோட்டீஸில் என் படத்துக்கு மேலே இருக்கிற வரியை மட்டும் எடுத்துவிடு.

நான் கிளம்பினபோது உள்ளேயிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாணிக்கத்தின் மகள். அஞ்சலை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவள். அப்போது ஐந்து வயசாம். இப்போது கல்யாணமாகி, தலைப் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாசம். முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன். வீக்கம் இல்லை. ஆனாலும் நாளையிலிருந்து வாரம் தவறாமல் ரத்த அழுத்தக் கருவியோடு போய்ப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வேளை வந்தால் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன், காகிதம் ஒன்றும் எழுத மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். மாணிக்கம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தெருமுனை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"நீங்க வருவீங்கதான் ஐயா, இல்லேங்கல. உங்களுக்கும் வயசாகுது. தம்பி எலெக்‌ஷன்ல நிக்கிறாராமே, கட்டாயம் ஜெயிச்சுருவாரு. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. தம்பி எந்த எடத்துல கோடு போடுவாரு? இந்தத் தடவ நான் பாத்து வாங்கிக்கிறேன்."

அவர் வீடு உனக்குத் தெரியும். நாமினேஷனுக்கு முன்னால் நீயே வந்து அவருக்குச் சொல்.

அப்பா